ஒன்பதாம் பக்கத்துச் சாட்சி

“ஹலோ... ஹலோ, டிரைவரண்ணே! அப்பாடா, எடுத்தீங்களே... ஆமா ஆமா, நான்தான். ஒன்பது தடவை அடிச்சுட்டேன்... இல்ல இல்ல, ஒண்ணும் ஆகல. சும்மாதான் கூப்பிட்டேன். வண்டி ஓடுதா, நிக்குதா?... நிக்குதா? நல்லா நிக்குதா?... சரி சரி, நிக்கறதுல நல்லா என்ன, மோசமா என்ன, கேட்டது தப்புதான். எங்க நிக்குது?... டீக்கடையா. மலைக்குக் கீழேயா, ஏறினப்புறமா?... கீழே. ஸ்தோத்திரம்... இல்லண்ணே, ஓடல. ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கினேன், அதான் மூச்சு இரைக்குது.”

கெஜக்கோல் பாஸ்டர் எந்தப் பெட்டியையும் தூக்கவில்லை. தூக்க வேண்டிய பெட்டியின் மேல்தான் உட்கார்ந்திருந்தார். வலது முழங்கால் தையல் மெஷின் மாதிரி தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. இடது கையால் அதை அமுக்கிப் பிடித்திருந்தார். சனிக்கிழமை காலை ஒன்பதரை மணி. ஆராதனை மண்டபம் முன்னே டைல்ஸ் விற்ற கடை. பிரசங்க மேடைக்குப் பின்சுவரில் இருபது தினுசு குளியலறைக் கற்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. பெயர்த்தால் சுவரும் கூடவே வரும் என்று கொத்தனார் சொன்னதால் மேலே ஒரு நீலத் திரையைப் போட்டு மூடியிருந்தார்கள்.

பாஸ்டராவதற்கு முன் பதினாறு வருஷம் துணிக்கடையில் அளந்து கிழித்தவர் அவர். ஆளும் ஒல்லி, நெட்டை. சபையார் அன்பாக வைத்த பெயர்தான் கெஜக்கோல். தலைமைச் சபையையும் சேர்த்து ஏழு இடத்தில் ஆராதனை நடந்தது. மூன்றாவது இடம் இவருடையது. எட்டாவது, மலைமேல் இருக்கும் ஊரில், இன்று பதினொரு மணிக்குத் திறப்பு. அதையும் கெஜக்கோல் கையிலேயே கொடுப்பதாகத் தலைமைச் சபையின் பெரிய பாஸ்டர் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அந்தத் திறப்புக்குத்தான் டிரைவர் தன் சொந்த பஸ்ஸில் மூன்றாம் கிளைக்காரர்கள் முப்பத்திரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போயிருந்தார். நாளை ஆராதனைக்கு மண்டபத்தைத் தயார் செய்ய கெஜக்கோல் மட்டும் பின்தங்கியிருந்தார்.

பஸ் இங்கிருந்து கிளம்பும்போது டிரைவரின் மனைவி படியில் நின்றபடி குனிந்து, பாஸ்டர் காதில் ஒரு சந்தோஷச் செய்தியைப் போட்டுவிட்டுப் போனாள். உங்களுக்கு வலிப்பு குணமானதாக மேடையில் நீங்கள் சொன்ன சாட்சியைக் கேட்ட மறுநாளே வீட்டுக்காரர் வலிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டார், இன்றோடு பன்னிரண்டு நாள். கெஜக்கோல் சிரித்தார். பழக்கதோஷத்தில் அவள் தலையில் கையும் வைத்தார். பஸ் முனை திரும்பிய பிறகுதான் அந்தச் செய்தியின் அர்த்தம் உறைத்தது. அப்புறம் அரை மணி நேரம் தைரியத்தைத் தேடியதிலேயே கழிந்தது. மீதி நேரம், யாரும் எடுக்காமல் அடித்து அடித்து ஓய்ந்த அலைபேசி மணியில்.

“அண்ணே, ஒரு விஷயம். இங்க கிளம்பறப்போ பின் டயர்ல ஒரு சத்தம் கேட்டுது... ஆமாண்ணே, நானே கேட்டேன்... எனக்கு டயரைப் பத்தி என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாதுதான். சத்தம்னா சத்தம்னு தெரியும்ல?... கோவிச்சுக்காதீங்க. ஒரு தடவை இறங்கிப் பாருங்களேன்... அட, உடனே போறீங்களே! நல்லது நல்லது... நான் லைன்லயே இருக்கேன். மெதுவா பாருங்க. ஒவ்வொண்ணா தட்டிப் பாருங்க.”

துணிக்கடையில் முதலில் சொல்லும் விலை பொய் விலை. சொல்பவனுக்கும் தெரியும், கேட்பவனுக்கும் தெரியும். பேச்சு தொடங்க ஒரு படி வேண்டும், அவ்வளவுதான். டயர்ச் சத்தமும் அதே ரகம். கெஜக்கோல் காதை அழுத்திக்கொண்டு கேட்டார். கம்பியால் ரப்பரைத் தட்டும் சத்தம் ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்தது. ஆறு டயருக்குப் பதிலாக அறுபது டயர் இருக்கக்கூடாதா அந்த வண்டிக்கு என்று இருந்தது.

“... ஆறும் நல்லா இருக்கா?... போன மாசம்தான் மாத்தினீங்களா... இருக்கும் இருக்கும். அப்போ கோளாறு என் காதுலதான்... சிரிங்கண்ணே, நல்லா சிரிங்க. சிரிச்சுக்கிட்டே அங்கேயே இருங்க... வைக்காதீங்க! வைக்காதீங்கண்ணே! ஏன் அதுக்குள்ள? எல்லாரும் ஏறிட்டாங்களா?... டீ குடிச்சாச்சா? முப்பத்திரண்டு பேருமா? இன்னொரு ரவுண்டு சொல்லுங்க, என் செலவு. பிஸ்கட்டும் சொல்லுங்க... தெரியும், பெரிய பாஸ்டர் காத்திருப்பார். எனக்குத் தெரியாதா அவரை? பத்து நிமிஷம் காத்திருந்தா ஒண்ணும் தேஞ்சு போயிடமாட்டார்.”

இந்தக் கடைசி வார்த்தை வாயிலிருந்து வந்ததும் கெஜக்கோலே திரும்பிப் பார்த்துக்கொண்டார். மண்டபத்தில் அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தவிர யாருமில்லை. போன மாதம் அறுபது நாற்காலி. இப்போது நூற்றுப்பத்து. அந்த ஐம்பது நாற்காலியைக் கொண்டுவந்தது அந்தச் சாட்சிதான்.

“அண்ணே... அக்கா காலையில ஒரு விஷயம் சொன்னாங்க... ஆமா, அதேதான், மாத்திரை... சந்தோஷம். சந்தோஷம் இல்லேன்னு யாரு சொன்னா?... பன்னிரண்டு நாள், ஆமா, சொன்னாங்க... தலை லேசா இருக்கா. தூக்கமும் நல்லா வருதா... சரி. நான் என்ன சொல்றேன்னா, விசுவாசம் ஒரு பக்கம் இருக்கட்டும், மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும். ரெண்டும் என்ன மல்லுக்கட்டவா போகுது? ஏழு வருஷமா சாப்பிட்டீங்க, ஏழு வருஷமா ஒரு தடவைகூட வரல. அதை ஒரே நாள்ல பட்டுனு நிறுத்தினா உடம்பு... ஆமாண்ணே, நான்தான் சொன்னேன்... ‘சாக்கடையில வீசினேன்’னு சொன்னேன், வாஸ்தவம்... ‘பத்தொன்பது வருஷமாச்சு’ன்னும் சொன்னேன்... கண்ணும் கலங்கினேன். எல்லாம் வாஸ்தவம்... என்னது? உங்க விசுவாசத்தைச் சோதிக்கறேனா? உங்களையா? ஐயோ அண்ணே, உங்களை சோதிக்க நான் யாரு!”

இங்கேதான் அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தலைமைச் சபையிலிருந்து ஏழு இடத்துக்கும் பதினான்கு பக்கம் வரும். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம். ஒரு சொல்லைக் கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. எந்தக் கிளையில் நுழைந்தாலும் ஒரே சரக்கு, ஒரே அகலம், ஒரே சாயம் என்பது பெரிய பாஸ்டரின் கொள்கை. எங்கே குரலை உயர்த்த வேண்டும், எங்கே நான்கு நொடி நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் ஓரத்தில் குறித்திருக்கும். தாளில் ‘நான்’ என்று இருந்தால் படிப்பவரும் ‘நான்’ என்றே படிக்க வேண்டும். ‘பெரிய பாஸ்டருக்கு நடந்தது’ என்று மாற்றிக்கொள்ளலாமா என்று கெஜக்கோல் ஒருமுறை பணிவாகக் கேட்டார். வாங்க வந்தவன் கையில் துணியைக் கொடு, கிடங்கின் விலாசத்தைக் கொடுக்காதே என்று பதில் வந்தது. வியாபாரம் தெரிந்தவர் என்பதால் அந்தப் பதில் கெஜக்கோலுக்கு ரொம்பப் பிடித்தும் போனது.

பதின்மூன்று நாளைக்கு முன் படித்த தாளில், ஒன்பதாம் பக்கத்தில், வலிப்பு இருந்தது. எட்டு வயதிலிருந்து எனக்கு வலிப்பு, ஒருநாள் மாத்திரையைச் சாக்கடையில் வீசினேன், அன்றோடு போயிற்று. கெஜக்கோல் படித்தார். நன்றாகவே படித்தார்.

“அண்ணே, கேளுங்க. கொஞ்சம் தள்ளி வாங்க, ஆளுங்க இல்லாத பக்கமா... வந்துட்டீங்களா? சொல்றேன். எப்படிச் சொல்றதுன்னுதான்... இல்ல, உடம்பு நல்லாத்தான் இருக்கு... வீட்ல எல்லாரும் சுகம்... அண்ணே, அந்த சாட்சி என்னோடது இல்ல.”

அந்தப் பக்கம் ஒரு லாரி கடந்துபோன சத்தம் மட்டும் வந்து, தேய்ந்து, ஓய்ந்தது.

“... இருக்கீங்களா?... என்னோடது இல்லண்ணே. எனக்கு வலிப்பே கிடையாது. எங்க பரம்பரையிலேயே கிடையாது. எங்களுக்கு மூலம்தான்... விளையாடலண்ணே, சத்தியமா... பேப்பர்ல இருந்துது, படிச்சேன்... கண்ணு கலங்கினது எப்படின்னா கேக்கறீங்க? சொன்னா காறித் துப்புவீங்க. ‘இங்கே நான்கு நொடி நிறுத்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றவும்’னு ஓரத்துல போட்டிருந்துது... ஆமா, எனக்கு ஏது கண்ணாடி? அன்னைக்கு மச்சானோடதை வாங்கிப் போட்டுக்கிட்டு வந்தேன். அது அவன் பவரு. அரை மணி நேரம் போட்டிருந்ததுல கண்ணுல தண்ணி கொட்டிடுச்சு... ஆமாண்ணே. நீங்களும் அக்காவும் முன்வரிசையில அழுததைப் பார்த்தேன்... பார்த்தேன்தான்... பார்த்துட்டும்தான் சும்மா இருந்தேன்.”

உண்மையைச் சொல்லிவிட்டோம், இனி இறங்கிவிடுவார் என்று நினைத்தார். பதினாறு வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு வாடிக்கையாளரை அவர் பார்த்ததில்லை. சரக்கில் ஓட்டை இருக்கிறது என்று கடைக்காரனே பிரித்துக் காட்டினாலும், பரவாயில்லை மடித்துக் கொடு என்று நிற்கிற ஆள்.

“... யாரோடதா? பெரிய பாஸ்டரோடது. அவர் எழுதினது... இல்லண்ணே, அதெப்படி இன்னும் விசேஷமாகும்?... அவர் பெரியவர்தான், ஒத்துக்கறேன்... அவருக்கு நடந்தா உங்களுக்கும் நடக்கும்னா என்ன கணக்கு அது?... சரி, நான் வாயை மூடறேன், நீங்க சாவியைக் கீழ வைங்க. இன்னைக்கு ஒரு நாள் மட்டும் வேற யாரையாவது... யாருக்குமே பெரிய வண்டி ஓட்டத் தெரியாதா?... ஒருத்தருக்குக்கூடவா?... அப்போ எல்லாரும் அங்கேயே இருக்கட்டும். திறப்பு விழா எங்கேயும் ஓடிப் போயிடாது... அண்ணே. அண்ணே, எல்லாரையும் ஏத்திட்டு நீங்களும் ஏறிட்டீங்களா? அது என்ன சத்தம்? என்ன உறுமுது?... எதுக்கு இன்ஜினைப் போட்டீங்க? ஏண்ணே போட்டீங்க! மேல இருபத்தாறு வளைவு இருக்கு, ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஒண்ணுமே இல்ல... அண்ணே, கேளுங்க, அவரோடதும் இல்ல! அது பெரிய பாஸ்டரோட கதையும் இல்ல!”

‘கதையும் இல்ல’ என்று அவர் குரலே பெரிசாக, கனத்து, அலைபேசிக்குள்ளிருந்து அவரிடம் திரும்பி வந்தது. கெஜக்கோல் எழுந்துவிட்டார். ஒலிபெருக்கியோடு பழகிய காதுக்கு விளங்க ஒரு நொடி போதும். இன்ஜின் போட்டதும் டிரைவரின் அலைபேசி பஸ்ஸின் ஸ்பீக்கரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு போன ஸ்பீக்கர். முன்னே இரண்டு, பின்னே நான்கு, போன வருஷம் இவரே கூடப் போய்ப் பேரம் பேசி வாங்கிக் கொடுத்தவை. நல்ல தரம். கடைசி சீட்டு வரைக்கும் கேட்கும்.

அழைப்பை வெட்டிவிட விரல் அந்தச் சிவப்பு வட்டத்தின் மேல் போய் நின்றது. வெட்டினால் எட்டாவது இடம் பிழைக்கும். கோளாறு, லைன் சரியில்லை, நீங்கள் தப்பாகக் கேட்டீர்கள் என்று ஆயிரம் சொல்லிக்கொள்ளலாம். இன்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது.

“... கேக்குதுண்ணே. எனக்கும் கேக்குது. எல்லாருக்கும் கேக்குதுன்னும் தெரியுது. கேக்கட்டும்... யாரு அது கத்தறது? கோழிக்கடையாரா? கத்துங்க, அப்புறம் கத்துங்க, முதல்ல நான் முடிச்சுக்கறேன். போன ஞாயித்துக்கிழமை பெரிய பாஸ்டரோட அம்மா நம்ம இடத்துக்கு வந்தாங்கல்ல? எல்லாரும் கை குலுக்கினீங்கல்ல? ஆராதனை முடிஞ்சு நான் ஜூஸ் கொண்டுபோய் குடுத்துட்டு, நல்ல பேர் வாங்கலாம்னு கேட்டேன். ‘உங்க மகனுக்கு சின்ன வயசுல வலிப்பு வர்றப்போ நீங்க எவ்வளவு தவிச்சிருப்பீங்க அம்மா’ன்னேன். அவங்க என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க. ‘என் பிள்ளைக்கு ஜலதோஷம்கூட வந்ததில்லையேப்பா, யாரு கிளப்பி விட்டது இதை’ன்னாங்க... ஆமா. அவங்க வாயாலதான்... அப்புறமா? அப்புறம் என்ன, ‘இன்னும் கொஞ்சம் ஜூஸ்’னு கேட்டாங்க. ஊத்தினேன்... எங்கேருந்து வந்துதுன்னு எனக்குத் தெரியாது. அவரும் யாரோ அனுப்பின பேப்பரைத்தான் படிச்சாரோ என்னவோ. எனக்குத் தெரிஞ்சு அந்தச் சாக்கடையில மாத்திரையை வீசினவன் ஒருத்தனும் இல்ல.”

எதிர்முனையில் பல குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. ஒரு பெண்குரல் அழுதது. எவரோ எதையோ ஓங்கித் தட்டினார்கள். கெஜக்கோல் நீலத் திரையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எப்போது பிடித்தார் என்று அவருக்கே தெரியாது.

“... திட்டுங்க. வந்து செருப்பாலகூட அடிங்க. ஆனா டிரைவரண்ணே, நீங்க கியரைத் தொடாதீங்க... தொட்டீங்களா?... இல்லதானே? அண்ணே, ஒண்ணு மட்டும் கேக்கறேன், பொய் சொல்லாம சொல்லுங்க. பொய்யெல்லாம் நானே சொல்லி முடிச்சுட்டேன், மிச்சம் இல்ல. உங்களுக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு வாசனை வரும்னு அக்கா ஒரு தடவை சொல்லியிருக்காங்க. ரப்பர் கருகற மாதிரி... ஆமா, அந்த வாசனைதான். இன்னைக்கு வந்துதா?... ஏன் பேசாம இருக்கீங்க?... எப்போ?... மலையடிவாரம் வந்ததும். பிரேக்குன்னு நினைச்சீங்களா... அதனாலதான் வண்டியை நிறுத்தினீங்களா? அதனாலதான் நான் டயர்னதும் மறுபேச்சு இல்லாம இறங்கித் தட்டினீங்களா!... ஆறும் நல்லா இருக்கு. நீங்களே பார்த்தீங்க. அப்போ எது கருகுது?... இப்போ இருக்கா? இந்த நிமிஷம் இருக்கா?... இருக்கா.”

கெஜக்கோல் பிறகு அலைபேசியை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு பேசினார். மேடையில்கூட அப்படிப் பேசியதில்லை. தாள் இல்லாமல் அவர் சபையாரிடம் பேசுவது இதுவே முதல் தடவை. ஓரத்தில் குறிப்பு எதுவும் கிடையாது.

“பஸ்ல இருக்கறவங்க எல்லாரும் கொஞ்சம் வாயை மூடுங்க. அழறவங்களும்தான். ஒரு தடவை மூச்சை இழுத்துப் பாருங்க. ரப்பர் கருகற வாசனை யாருக்காவது வருதா? வந்தா ‘வருது’ன்னு சொல்லுங்க... முன்னாடி சீட்டு?... நடுவுல?... கோழிக்கடையாரே, உங்க மூக்கு நல்ல மூக்கு, உங்களுக்கு?... பின்னாடி, கடைசி சீட்டு?... ஒருத்தருக்கும் இல்லையா?... சத்தமா சொல்லுங்க, அண்ணனுக்குக் கேக்கட்டும்... அண்ணே. கேட்டீங்களா? முப்பத்திரண்டு மூக்குல ஒண்ணுல இல்ல. உங்களுக்கு மட்டும்தான் அண்ணே கருகுது. ஆஃப் பண்ணுங்க. கெஞ்சிக் கேக்கறேன். விசுவாசம் இல்லேன்னு உங்களை யாரும் சொல்லமாட்டாங்க. சொன்னா நான் கேக்கறேன். எனக்காக வேண்டாம், நான் யோக்கியன் இல்ல. அக்காவுக்காக... ஆஃப் பண்ணுங்கண்ணே.”

உறுமல் நின்றது.

நின்றதும் அந்த அமைதியில் பஸ்ஸின் ஏதோ ஒரு கதவு கிறீச்சிடுவது துல்லியமாகக் கேட்டது. கெஜக்கோல் நெற்றியைத் திரைக்கு மேலேயே சுவரில் சாய்த்துக்கொண்டார். குளியலறைக் கல் ஜில்லென்று இருந்தது.

“... நல்லதுண்ணே. நல்ல காரியம் பண்ணினீங்க. சாவியை அக்காகிட்ட குடுத்துடுங்க. முதல்ல இறங்குங்க. படியைப் பார்த்து, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு... இறங்கிட்டீங்களா? ரோட்டோரம் வேண்டாம், கடைப் பக்கமா போங்க. தரையில உட்காருங்க. வெக்கம் என்ன வெக்கம், உட்காருங்க... ஆமா, என் மேல கோவம் வரத்தான் செய்யும்... சொல்லுங்க, கேக்கறேன்... என்னண்ணே? புரியல... திரும்பச் சொல்லுங்க... அண்ணே, வார்த்தை குழறுது... அண்ணே?... அண்ணே! டிரைவரண்ணே!”

அலைபேசி எங்கோ விழுந்து உருண்டது. யாரோ வீரிட்டார்கள். நாற்காலி கவிழ்ந்தது, கண்ணாடி டம்ளர் உடைந்தது, காலடிகள் திமுதிமுவென்று ஓடின. கெஜக்கோல் காலி மண்டபத்தில் நின்று கத்தினார்.

“யாராவது போனை எடுங்க! போனை எடுங்க!... அக்காவா? அக்கா, நான் சொல்றதைக் கேளுங்க. அழாதீங்க, அழுதா கேக்காது. அவரை அமுக்கிப் பிடிக்கச் சொல்லாதீங்க. விடச் சொல்லுங்க, கையைக் காலை விடச் சொல்லுங்க... பக்கத்துல உடைஞ்ச கண்ணாடி இருந்தா தள்ளுங்க. தலைக்குக் கீழ துண்டையோ சட்டையையோ மடிச்சு வைங்க... வேண்டாம்! வாயில ஒண்ணும் வைக்காதீங்க. ஸ்பூனும் வேண்டாம், விரலும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம். யாரு கொண்டு வந்தாலும் தட்டி விடுங்க... கழுத்துப் பட்டனைக் கழட்டி விடுங்க. ஒருக்களிச்சுத் திருப்பிப் படுக்க வைங்க, மெதுவா... எனக்கு எப்படித் தெரியுமா? கடையில கல்லாவுல இருந்தவருக்கு வரும், பார்த்திருக்கேன். பொய் இல்லக்கா, இது பொய் இல்ல... மணியைப் பார்த்துக்கிட்டு இருக்கேன். ஒரு நிமிஷம் ஆச்சு. யாரையாவது ஆம்புலன்சுக்கு அடிக்கச் சொல்லுங்க. இப்பவே அடிக்கட்டும்... ஒண்ணரை நிமிஷம். நெஞ்சு ஏறி இறங்குதா?... இறங்குதா. சரி... ரெண்டு... இன்னும் இழுக்குதா?... குறையுதா? நிஜமா குறையுதா, எனக்காகச் சொல்றீங்களா?... ரெண்டேகால்... நின்னுடுச்சா?... மூச்சு?... மூச்சு வருதா?... வருதா.”

கெஜக்கோல் வயர் சுருள்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தார். ஐந்து நிமிஷத்துக்கு முன் அந்த மனிதர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். இரண்டாவது வளைவில் இருந்திருப்பார், இல்லை மூன்றாவதில். எந்த வளைவு என்று மனசு தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தது; வேண்டாம் என்றாலும் போட்டது.

“... தூங்கட்டும்க்கா. முழிச்சதும் கொஞ்ச நேரம் ஆள் தெரியாது, பயப்படாதீங்க. ஆம்புலன்ஸ் வந்ததும் மாத்திரையை நிறுத்தினதை டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. பன்னிரண்டு நாள்னு சொல்லுங்க. ஏன் நிறுத்தினார்னு கேட்டா என் பேரைச் சொல்லுங்க... நான் இப்பவே கிளம்பறேன். ரெண்டு மணி நேரத்துல அங்க... வரவேண்டாமா? சரிக்கா... சரி. மூஞ்சில முழிக்கமாட்டேன்... பெரிய பாஸ்டரா? போன் பண்ணிக்கிட்டே இருக்காரா? எடுக்காதீங்க. இல்ல, எடுங்க, நடந்ததைச் சொல்லுங்க. எனக்கு இனிமே என்ன...”

அவள் அழுகையை நிறுத்திவிட்டிருந்தாள். அதுதான் அவரைப் பயமுறுத்தியது. விலை கேட்க வந்தவர்கள் கத்துகிற வரையில் பயமில்லை; துணியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக ஒரு கேள்வி கேட்பார்கள் பாருங்கள், அப்போதுதான் கடைக்காரன் மாட்டிக்கொள்வான்.

“... காலையில படியிலயா?... ஆமாக்கா. உங்க தலையில கை வைக்கறப்போ எனக்குத் தெரியும்... ஆறு நாளாவே தெரியும்... வாயைத் திறந்தா எட்டாவது இடம் போயிடும்னு... ஆமா. அதுக்காகத்தான்... என்னது?... இன்னொரு தடவை சொல்லுங்க... ஆமா. அந்தப் பேப்பர் எனக்கு மட்டும் வர்றதில்ல. எல்லாருக்கும் ஒண்ணுதான்... அதே ஞாயித்துக்கிழமைதான். அதே ஒன்பதாம் பக்கம்தான்... மாத்தியிருக்க மாட்டாங்க. மாத்தக்கூடாது. எல்லாருமே ‘நான்’னுதான் சொல்லியிருப்பாங்க... ஏழு இடம்க்கா... ஆளுங்களா? எல்லா இடமும் சேர்த்தா ஆயிரத்து நூறு பேர் வரும்... வலிப்புக்காரங்க மட்டுமா? சர்க்கரை, நெஞ்சு வலி... நான்... நான் அதை யோசிக்கவே இல்லக்கா. சத்தியமா இந்த நிமிஷம் வரைக்கும்... யாரு மாத்திரையை நிறுத்தினாங்க, யாரு நிறுத்தலைன்னு எனக்கு எப்படித்... அக்கா?... அக்கா, இருக்கீங்களா?... ஹலோ?”

அவள் வைத்துவிட்டிருந்தாள்.